திரும்பி வந்த நிறங்கள்

மூடியை அழுத்தித்தான் மூடினேன், நிச்சயம் மூடினேன், டின்னின் விளிம்பு பதிந்த வலி கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது, அப்படியானால் இந்த வாசனை எங்கிருந்து வருகிறது, பேருந்திலிருந்து இறங்கி நூலகத்தின் மாடிப்படி ஏறும்வரை உள்ளங்கையை முகர்ந்துகொண்டே வந்தேன், எதிரே இறங்கி வந்த ஒருவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்... நாள் முழுக்கப் பெயிண்ட் கடையில் நிற்கிறவளுக்குப் பெயிண்ட் வாசனை எதற்குத் தெரிய வேண்டும், எட்டு வருடமாகத் தெரியாதது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரிகிறது, கூடத்தில் தெரிகிறது, தலையணையில் தெரிகிறது, நாளைக் காலை பத்து மணிக்கு நல அலுவலர் வந்து வாசலிலேயே மூக்கைச் சுளித்தால் என்ன சொல்வது. ரெண்டு நாள்ல போயிடும் சார் என்று வாடிக்கையாளர்களிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். போகிறதா? யார் வீட்டுக்கும் போய் நான் பார்த்ததில்லை. நீதிமன்றம் அனுப்புகிற அம்மாள் அவர், வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், மிளகிடம் தனியாக அரை மணி நேரம் பேசுவார், பிறகு ஓர் அறிக்கை எழுதுவார், மிளகு என்னோடு இருப்பாளா அவள் அப்பாவோடு இருப்பாளா என்பதை அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். மிளகு என் மகள், ஏழு வயது, பிறந்தபோது அத்தனை சிறிதாகவும் அத்தனை காரமாகவும் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு. அவர் போட்ட மனுவின் நான்காவது பத்தி எனக்கு மனப்பாடம்: 'வாரத்தில் இரண்டு மாலை வேளைகளில் மைனர் குழந்தையை மூன்றாம் நபர் வசம் ஒப்படைத்துவிட்டு, தன் பொழுதுபோக்கின் பொருட்டு வெளியே சென்றுவிடுகிறார்.' மூன்றாம் நபர் என்பது எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரக்கா. பொழுதுபோக்கு என்பது இந்த மாடி அறை ஓவிய வகுப்பு, ஏழு மேசைகள், ஒழுகும் ஒரு குழாய், செவ்வாயும் வெள்ளியும் ஐந்தரையிலிருந்து ஏழரைவரை. பொய் ஒன்றும் இல்லையே அந்தப் பத்தியில், அதுதான் தொல்லை, ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால் இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லப்போகிறேன், வாக்கியம் தயார், பேருந்தில் நான்கு முறை சொல்லிப் பார்த்தாயிற்று, டீச்சர், வீட்டுல கொஞ்சம் வேலை, இனிமே வர முடியாது. நாளை அந்த அம்மாள் கேட்டால், அதை விட்டுட்டேங்க என்று சொல்லலாம். விட்டுட்டேன் என்றால் இத்தனை நாள் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ...

உள்ளே நுழைந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், ஆனால் ஆசிரியை குழாயடியில் முழங்கைவரை நனைத்துக்கொண்டு தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார், கை காலியாகட்டும் என்று விட்டேன். என் மேசை ஜன்னலோரம் இரண்டாவது. முதல் மேசை ஓட்டுநர் ஐயாவுடையது, முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வரைவது எல்லாம் சாலை. "வாம்மா கலர் டாக்டர். என் சாம்பலுக்கு இன்னிக்கு என்ன மருந்து?" என்றார், வழக்கம்போல. நான் கலப்பது எந்திரத்தில், எண் போட்டு, இன்ன பேஸ், இத்தனை சொட்டுக் கறுப்பு, இத்தனை சொட்டு மஞ்சள் என்று. வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ, சுவரிலிருந்து பெயர்த்த காரையையோ, ஒருமுறை ஒருவர் செத்துப்போன கிளியின் இறகையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார், நான் கலந்து, டின் மூடியில் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டு, பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், காயும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கடையின் விதி. அப்படியும் திரும்பி வரும். கலந்த டின்னை மறுபடி விற்க முடியாது, முதலாளி, "எடுத்துட்டுப் போம்மா, இடத்தை அடைக்குது" என்பார், அப்படித்தான் என் வீடு உருவானது, சமையலறை ஒரு மருத்துவமனை வேண்டாம் என்ற பச்சை, பாத்தாலே நோயாளிக்கு இன்னும் ரெண்டு வியாதி சேரும் என்று சொல்லித் திருப்பினார்கள், படுக்கையறை ஒரு கணவர் ஆசையாக வாங்கிப்போய் மனைவி அன்றே திருப்பி அனுப்பிய ரோஜா, "எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல கண்ணைக் காட்டணும்" என்று அவரே கடைக்கு வந்து சொன்னார், குளியலறை யாருடையதென்றே தெரியாத ஆரஞ்சு, கூடம் நீலச் சாம்பல். யாருக்கும் வேண்டாத நிறங்கள் எல்லாம் எங்கள் இரண்டு பேருக்குள். மிளகுக்கு நாலு வயதாக இருக்கும்போது அந்த வீட்டுக்குக் குடிவந்தோம், ரோலரில் அவளும் ஒரு கை பிடித்தாள், சிரித்தோம், சிரித்தோமா? சிரித்ததாகத்தான் ஞாபகம். இப்போது ஒரு வாரமாக அந்த நிறங்களை நல அலுவலரின் கண்ணால் பார்த்துக்கொண்டு திரிகிறேன், ஒரு சுவரோடு இன்னொரு சுவர் பேசாத வீடு, ஒழுங்கில்லாத பெண், ஒழுங்கில்லாத வீடு. மிளகின் அப்பா வீட்டில் எல்லாச் சுவரும் ஒரே கிரீம், குழந்தைக்கென்று தனி அறை, அதன் புகைப்படமும் மனுவோடு இருந்தது, பார்த்தவுடன் எண்ணைச் சொன்னேன், அந்தக் கிரீமை மாதம் நாற்பது டின் கலக்குகிறேன்.

ஆசிரியை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், இப்போது சொல்ல வேண்டும், டீச்சர், வீட்டுல கொஞ்சம்... "இன்னிக்கு எல்லாருக்கும் ஒரே பாடம். உங்க வீட்டுச் சுவர் ஒண்ணு. ஆள் வேண்டாம், ஜன்னல் வழியா மலை எல்லாம் வேண்டாம். வெறும் சுவர். தினமும் பாக்கறதுதானே, பாத்திருக்கீங்களான்னு பாப்போம்." ஓட்டுநர் ஐயா, "எங்க வீட்டுச் சுவர்ல வீட்டம்மா மாட்டியிருக்கற என் பழைய போட்டோதான் இருக்கு, அதை வரைஞ்சா கிளாஸே காலியாயிடும்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் ஆசிரியை அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சரி, முடிவில் சொல்லிக்கொள்ளலாம். கூடத்துச் சுவரையே எடுத்துக்கொண்டேன், அளவு தெரியும், ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தது, பதினோரு அடி நான்கு அங்குலம், உயரம் ஒன்பது, இடது ஓரம் செருப்பு அலமாரி, வலது ஓரம் சுவிட்ச் பலகை. தாளில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று பென்சிலால் கோடு போட்டேன், அலமாரியை வைத்தேன், பலகையை வைத்தேன், ஐந்து சுவிட்சில் ஒன்று உடைந்திருக்கும், அதையும் வைத்தேன். அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் இல்லை. வெள்ளை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் சுவர் வெள்ளை, எட்டு வருடத்தில் எனக்காக நான் கலந்த முதல் டின், திரும்பி வராத டின், வெள்ளையில் மூன்று சொட்டு மஞ்சளும் அரைச் சொட்டுக் கறுப்பும், பார்க்கிறவர் கண்ணை உறுத்தாத, இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்கிற வெள்ளை. இரண்டு கை அடித்தேன். அதற்கு முன்னால் அந்தச் சுவரில் மிளகின் கிரேயான் இருந்தது, தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி உயரம்வரை, அலமாரியிலிருந்து பலகைவரை, மூன்று வருடத்துக் கிறுக்கல், கிறுக்கல் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டேன், யாராவது கேட்டால் குழந்தை கிறுக்கினது என்பேன், முதலில் ஒரு தடவை திட்டினேன், பிறகு விட்டுவிட்டேன், ஏன் விட்டேன், களைப்பில் விட்டேனா பிடித்துப்போய் விட்டேனா... ஞாயிறன்று அவள் செருப்பு அலமாரியை என்னோடு சேர்ந்து நகர்த்தினாள், கீழே பழைய செய்தித்தாளை விரித்தாள், "நானும் அடிக்கட்டுமா?" என்றாள். கையில் சின்னத் தூரிகையைக் கொடுத்தேன். கொடுத்தேன், நான்தான் கொடுத்தேன், கீழ்ப்பக்கம் நீ அடி, எனக்குக் குனிய முடியல என்றேன், அவள் உட்கார்ந்து தான் வரைந்ததன் மேல் தானே அடித்தாள், ஓரம் பிசகாமல், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு. முடித்துவிட்டு எழுந்து நின்று, "நல்லா மறைஞ்சிடுச்சும்மா" என்றாள். அந்தக் குரலில் என்ன இருந்தது. ஒன்றும் இல்லை, அதுதான், ஒன்றுமே இல்லை, கடைக்காரர் பில் கொடுக்கிற மாதிரி ஒரு குரல். அன்றிலிருந்து அவள் தட்டை அவளே கழுவுகிறாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "நான் எத்தனை மணிக்குத் தூங்குவேன்னு அவங்க கேட்டா ஒம்போதுன்னு சொல்லணுமா, எட்டரைன்னு சொல்லணுமா?" என்கிறாள். உண்மையைச் சொல்லுடா என்றேன். "உண்மை எதும்மா, லேட்டாகற அன்னிக்கா, லேட்டாகாத அன்னிக்கா?" என் பெண் இப்படிப் பேசுகிறவள் இல்லை, என் பெண் குளியலறையில் கத்திப் பாடுகிறவள், ஊட்டினால் துப்புகிறவள், நானா அவளை இப்படி ஒழுங்காக்கிவிட்டேன், மூன்றே நாளில், ஒரு டின் வெள்ளையில்?

தாளில் அந்த வெள்ளையைப் அதற்குமேல் பார்க்க முடியவில்லை, சரி, முன்பிருந்ததையே வரைவோம், தாளில் வரைந்தால் யார் கேட்கப்போகிறார்கள், நாளை அந்த அம்மாள் இங்கே வரப்போவதில்லை. பென்சிலை எடுத்தேன். வலது ஓரத்தில் லாரி, அது நிச்சயம், ஆறு சக்கரம், ஒரே பக்கத்தில் ஆறு, ஒன்றைவிட ஒன்று பெரிதாகப் போகும், கடைசிச் சக்கரம் லாரியைவிடப் பெரிது. அதன் பக்கத்தில் கால் வைத்த மீன், மீன் என்று சொன்னால் கோபம் வரும், நாய். நாய்க்கு மேலே பச்சையில் புள்ளிகள், மழை என்றாளா எறும்பு என்றாளா. நடுவில் உயரமாக ஓர் ஆள், கையில் நீளமாக ஒரு குச்சி, அது நான், குச்சியைத் துடைப்பம் என்று நினைத்து, நான் எப்பவும் பெருக்கிட்டேதான் இருக்கேனா என்று கேட்டபோது, "இல்ல, கலக்கற குச்சி" என்றாள், டின்னைக் கிண்டுகிற மரக்குச்சி, கடையில் ஒருநாள் பார்த்திருக்கிறாள். அதற்கு இடதுபுறம்... இடதுபுறம் என்ன? நாலரை அடி அகலம் இருக்குமே அந்த இடம், அலமாரிக்கு மேலே, தினமும் செருப்பைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் முகத்துக்கு நேராக இருந்த இடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை, மூன்று வருடம், அங்கே என்ன இருந்தது? நிறம் ஞாபகம் இருக்கிறது, சிவப்பு நிறைய, கொஞ்சம் ஊதா, எந்தச் சிவப்பு என்றுகூடச் சொல்வேன், எண்ணைச் சொல்வேன், ஆனால் என்ன வரைந்திருந்தாள் என்று தெரியவில்லை. வீடா? பெரிய பூவா? ஆட்களா, எத்தனை ஆட்கள், அவள் அப்பா இருந்தாரா? கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பு. செருப்பின் வார். மணி எட்டே கால், பள்ளிப் பேருந்து போய்விடும், ஷூவை மாட்டு, பை எங்கே, சிவப்பு. அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. நல அலுவலர் என்னிடம், உங்க பொண்ணு என்ன வரைவா என்று கேட்டால்? கேட்க மாட்டார், அதெல்லாம் படிவத்தில் இருக்காது. கேட்டால்? "என்னம்மா, பாதிச் சுவரு வெறுமையா விட்டுட்ட?" ஆசிரியை தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார், எப்போது வந்தார், வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, டீச்சர், வீட்டுல... "தெரியல டீச்சர்" என்றேன். "தெரியாததை அப்படியே விடு. அதுக்கும் ஒரு கலர் இருக்கும், அவசரப்படாத. வெள்ளிக்கிழமை முடிச்சிக்கலாம்" என்றார். சரி டீச்சர் என்றேன். சரி என்றேன்! வெள்ளிக்கிழமை நான் எங்கே வரப்போகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்ல வராதவளா நாளை அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்து பேசப்போகிறாள்.

அப்போதுதான் ஓட்டுநர் ஐயா கூப்பிட்டார், என்னை இல்லை, ஆசிரியையை. சுவர் பாடத்தை அவர் எப்போதோ கைவிட்டு மழையில் நனைந்த சாலைக்குத் திரும்பியிருந்தார், நடுவில் போகிற வெள்ளைக் கோடு நிற்க மாட்டேனென்கிறது, சாம்பல் அடித்தால் கோடு மேல் ஏறிவிடுகிறது. "முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கோட்டைத் தாண்டாம ஓட்டினேன் டீச்சர், இப்ப அது என்னைப் பழிவாங்குது." ஆசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைக் கிரேயானை எடுத்து, "முதல்ல இதால கோடு போடுங்க. மெழுகு. மேல எவ்வளவு தண்ணிக் கலர் வேணா அடிங்க, ஒட்டாது, வழிஞ்சு போயிடும், கோடு அப்படியே நிக்கும்" என்றார். ஐயா கோடு போட்டார், கண்ணுக்குத் தெரியவே இல்லை, வெள்ளைத் தாளில் வெள்ளை, பிறகு அகலத் தூரிகையில் சாம்பலை அள்ளி ஒரே இழுப்பு, சாம்பல் பரவியது, பரவி, கோட்டின் மேல் வந்ததும் மணி மணியாகத் திரண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியது, நடுவில் கோடு எழுந்து நின்றது. "அட!" என்றார் ஐயா. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கிரேயான். கிரேயான் மேல் எமல்ஷன், அதுவும் தண்ணிப் பெயிண்ட்தான். பிரைமர் அடிக்கவில்லை. நான் பிரைமர் அடிக்கவில்லை. கடையில் வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிறவள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், சின்னப் பசங்க கிறுக்கின சுவரா சார், அப்போ முதல்ல பிரைமர் ஒரு கை அடிங்க, இல்லேன்னா நாலே நாள்ல எட்டிப் பாக்கும். எட்டிப் பாக்கும் என்று சொல்லும்போது சிலர் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள் ஆகிவிட்டது, நாளை நாலாவது. பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன், வியாழக்கிழமைப் பக்கத்தில் பட்டியல் இருந்தது, ஒன்று முதல் ஒன்பதுவரை எண் போட்டு, பழைய செய்தித்தாள், ஒட்டும் டேப், உப்புத்தாள், பட்டி, ரோலர், சின்னத் தூரிகை ஒன்று, பெயிண்ட் ஒரு டின், குச்சி, ஜன்னல் திறந்து வைப்பது. ஜன்னலைத் திறக்கக்கூடக் குறித்து வைத்தவள் பிரைமரை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் மறந்தேன் என்றால் நம்பலாம், வியாழக்கிழமை மதியம், சாவகாசமாக, சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் பிரைமர் டின்கள்தான் அடுக்கியிருந்தன. சாய்ந்துகொண்டிருந்தேன் அவற்றின் மேல். எப்படி எழுதாமல் விட்டேன்? மனம் குழம்பியிருந்தது, அவ்வளவுதான். சின்னத் தூரிகை ஒன்று என்று எழுதியிருக்கிறேனே, வியாழக்கிழமையே அவளுக்கு ஒரு தூரிகை கொடுப்பதாக முடிவு செய்திருந்தேனா...

ஏழேகால். கடை எட்டு மணிக்கு மூடும். இப்போது கிளம்பினால், மிளகை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு டின் பிரைமர், முதலாளி கொடுப்பார், எட்டரைக்குள் அடித்துவிடலாம், இரண்டு மணி நேரம் காய வேண்டும், விடிந்ததும் எழுந்து மேலே ஒரு கை வெள்ளை, பத்து மணிக்குக் காய்ந்திருக்கும், ஈர வாசனை இருக்கும், ஆனால் காய்ந்திருக்கும். முடியும். தாளைச் சுருட்டினேன், தூரிகையைக் கழுவினேன், அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை. ஆசிரியை யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், கையை மட்டும் ஆட்டினேன், அவரும் ஆட்டினார், வாக்கியம் அப்படியே போயிற்று. படியிறங்கிப் பாதி வந்தபிறகு உடுப்பில் நிறம் படாமலிருக்க வகுப்பில் மாட்டிக்கொள்ளும் என் மேலங்கியைக் கொக்கியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது, வராதவள் மேலங்கியை எடுத்துக்கொண்டல்லவா போக வேண்டும், திரும்பி ஏற நேரமில்லை. பேருந்துக்கு நிற்காமல் நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம், தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, இந்த மூன்று நாளில் நான் அந்தச் சுவரைச் சரியாகப் பார்த்தேனா, காலையில் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது, காலை வெளிச்சம் நேராக விழும், மாலையில் குழல்விளக்கைப் போட்டால்தான் பக்கவாட்டில் விழும், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் சுவர் தன் குறையைக் காட்டும், இதையும் நான்தான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். தையல்காரக்கா எந்திரத்தை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார். "என்னடி, நாய் துரத்தின மாதிரி வர்ற?" மிளகு மூலையில் முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், தலை இறுக்கப் பின்னியிருந்தது. "இவளே இறுக்கிப் பின்னச் சொன்னா. ரெண்டு மணி நேரமா ஒரு சத்தம் கிடையாது. போன வாரம் என் ஊசி டப்பாவைக் கவுத்து விட்டவ, இன்னிக்கு அத்தை தண்ணி வேணுமான்னு கேக்கறா. எனக்குப் பயமா போச்சு, நெத்தியைத் தொட்டுப் பாத்தேன்" என்றார். "நல்ல பொண்ணா இருக்கேன் அத்தை" என்றாள் மிளகு, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அக்கா என்னைப் பார்த்தார், நான் வேறெங்கோ பார்த்தேன்.

கடைக்கு நேராகப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் முதலில் பார்க்க வேண்டும், இல்லாத பூதத்துக்கு ஏன் ஓட வேண்டும், வீணாக இருக்கலாம், என் மனமே கிளப்பிவிட்டதாக இருக்கலாம். மாடியேறினோம், கதவைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், குழல் இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது. வெள்ளை. வலது ஓரத்தில், பலகைக்குக் கீழே, வெள்ளையில் ஒரு வளைவு, பழுப்பாக, தோலுக்கடியில் நரம்பு தெரிகிற மாதிரி. அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொரு வளைவு. கடைசிச் சக்கரம், கடைசிக்கு முந்தின சக்கரம். மிளகு சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா வருது." எப்படா பாத்த? "நேத்து சாயங்காலம்." ஏன் சொல்லல? அவள் செருப்பின் வாரைக் கழற்றுகிறவள்போலக் குனிந்தாள். "நீ பயப்படுவேன்னுதான். நானே கொஞ்சம் நகத்தால தேச்சுப் பாத்தேன், போகல. பரவாயில்லம்மா. நாளைக்கு அவங்க வரும்போது நான் இங்க சாஞ்சு நின்னுக்கறேன். என் உயரத்துக்குத்தானே இருக்கு, தெரியாது." சொல்லிவிட்டுப் போய் நின்றும் காட்டினாள், சுவரோடு முதுகை ஒட்டி, கைகளை இரண்டு பக்கமும் விரித்து, இறுக்கிய பின்னல் சுவரில் அழுந்த, எங்கே தெரிகிறது சொல்லு என்பதுபோல. ஒரு சக்கரத்தைத்தான் அவளால் மறைக்க முடிந்தது. மற்றது அவள் விரல் நுனிக்கு இரண்டங்குலம் தள்ளித் தெரிந்தது. நேற்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாளா, முக்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, நான் என்னவோ நான்தான் இந்த வீட்டில் பயத்தைச் சுமக்கிறவள் என்று... "கையை இறக்குடா" என்றேன். "தெரியுதா?" என்றாள். தெரியுது என்றேன். "அப்ப செருப்பு அலமாரியை இந்தப் பக்கம் நகர்த்திடலாம்." இல்லை, வா இங்கே என்று இழுத்தேன், வந்தாள், என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உன்மேல பெயிண்ட் வாசனை" என்றாள். நல்லா இருக்கா, மோசமா இருக்கா? "அம்மா வாசனை" என்றாள், இது என்ன கேள்வி என்கிற குரலில், என் பழைய மிளகின் குரலில்.

மணி ஏழே நாற்பத்தைந்து. பதினைந்து நிமிடம் இருந்தது, தெரு முனை திரும்பினால் கடை, நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றிருந்தோம், நான் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. கிளம்பலாம் என்று வாயைத் திறந்து, "இந்த அலமாரிக்கு மேல என்னடா வரைஞ்சிருந்த, சிவப்பா?" என்று கேட்டேன். அவள் தலையைத் திருப்பி அந்த இடத்தைப் பார்த்தாள், வெறும் வெள்ளை, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "எனக்கும் ஞாபகம் இல்ல. நான் அப்ப சின்னப் பொண்ணு." பிறகு, "வெளிய வந்தா தெரியும்" என்றாள். கடையில் முதலாளி இந்நேரம் ஷட்டரின் ஒரு பாதியை இறக்கியிருப்பார், போக வேண்டும், ஓடினால் பிடித்துவிடலாம், நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அம்மாள் இதோ இந்த இடத்தில்தான் வந்து நிற்பார், கையில் படிவத்தோடு, ஓட வேண்டும் என்று கால்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன், சொல்லிக்கொண்டே சுவரின் இடது பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சக்கரங்கள் இருந்த வலது பக்கத்தை இல்லை, இடது பக்கத்தை, எங்காவது ஓரத்தில் சிவப்பு துளிர்க்கிறதா என்று.